இகழ்ச்சிக்கு நாற்பது பேர்

"மொத நாள் கைதட்டுறவனை நம்பாதீங்க, மூணாம் நாள்..." என்று எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர் பொன்னுவேல் ஐயா தம்முடைய ஓய்வு விழாவில் பேசினார். மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று சொன்னது நினைவில் இல்லை. அந்த இடத்தில் மைக் நின்றுபோயிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன முதல் பாதி, அரசாங்க ஏற்பாடாகவே ஏற்காட்டில் அமலுக்கு வந்ததைக் கண்ணால் கண்டவர்களில் நானும் ஒருவன்.

எழுபதுகளில் ஒரு மே மாதம். சென்னையில் பாட வந்த இத்தாலிய ஓபராக் குழு ஒன்று வெயில் தாங்காமல் சுருண்டுவிட, மேலிடம் அவர்களை எங்கள் கோடை விழாவுக்குத் திருப்பிவிட்டது. கூடவே படிவம் ஏழு வந்தது, மூன்று பிரதிகளில். அதில் இரண்டே கேள்விகள். ஒன்று, மேற்படி கலையின் தோற்றம். இரண்டு, பொதுமக்கள் வரவேற்பு: புகழ்ச்சி / இகழ்ச்சி (பொருந்தாததை அடிக்கவும்). அடியில் பொடி எழுத்தில், "நிகழ்ச்சி உலகத் தரத்தில் நடைபெற்றிருந்தால் மட்டுமே பணியாளர் பரிந்துரைகள் பரிசீலிக்கப்படும்."

அந்தப் பொடி எழுத்தைத்தான் செங்கோடன் பத்துத் தடவை படித்தான். பக்கத்து மஞ்சக்குட்டை கிராமத்துக்காரன். விழா அலுவலகத்தில் ஒன்பது வருடமாகத் தற்காலிக உதவியாளர். "நிரந்தரம் ஆனதும் வாங்க மாப்பிள்ளை" என்று குப்பனூரில் ராசாத்தியின் அப்பா சொல்லி நாலு வருடமாகிறது. அதுவரை மாப்பிள்ளை என்பதும் தற்காலிகம்தான்.

சிறப்பு அலுவலர் கோவிந்தராஜ் சேலத்திலிருந்து குல்லாயும் மஃப்ளருமாக வந்திருந்தார்.

"ஏப்பா செங்கோடா, ஓபரான்னா என்ன?"

செங்கோடன் கிளப் நூலகத்துக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி வைத்திருந்தான். "நானூறு வருசத்துக்கு முந்தி இத்தாலியில சில பெரிய மனுசங்க கூடிப் பேசினாங்களாமுங்க. பழைய கிரேக்க நாடகம் முழுக்கப் பாட்டாத்தான் நடந்துச்சுன்னு நினைச்சு, அதைத் திரும்பக் கொண்டாரப் பார்த்தாங்களாம். அது வரலீங்க. வேற ஒண்ணு வந்துச்சு. அதுதானுங்க ஓபரா."

"கமிட்டி போட்டு, தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, கேட்டது ஒண்ணு கொடுத்தது ஒண்ணு." அலுவலர் முகத்தில் மரியாதை படர்ந்தது. "நம்ம டிபார்ட்மெண்ட் மாதிரியே இருக்கே. எழுதிக்க. வரவேற்பு?"

"அங்கதானுங்க சிக்கல். இப்ப உலகமே கொண்டாடுற ஓபரா சிலது மொத நாள் படுதோல்வியாமுங்க. ஊளை, விசில், சிரிப்பு..."

அலுவலர் எழுந்தே விட்டார். "அப்ப மொத நாளே கைதட்டு வாங்கினா?"

"அதுலயும் நல்லது நிறைய..."

"அதை விடு. நாம கைதட்டிட்டா, மட்டமானதை ரசிச்சோம்னு மேலிடம் கேக்கும். உலகத் தரம்னா இகழ்ச்சிதான். ஏற்பாடு பண்ணு."

அன்று மாலையே 'முதல் நாள் இகழ்ச்சி ஏற்பாட்டுக் குழு' அமைக்கப்பட்டது. இகழ்வதற்குக் கரடியூரிலிருந்து நாற்பது பேரும், எறிவதற்கு ஆளுக்கொரு பழமும் கோரப்பட்டன. பேரிக்காய், காயம் உண்டாக்கும் என்பதால் நிராகரிக்கப்பட்டது. பலா, தனிமனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்பதால் நிராகரிக்கப்பட்டது. கனிந்த கொய்யா அங்கீகாரம் பெற்றது.

செய்தி கசிந்து பங்களாக்களுக்கும் வந்து சேர்ந்தது. முன்வரிசைக்கு அழைக்கப்பட்ட பன்னிரண்டு பிரமுகர்களுக்கும் (கோட்டு வைத்திருந்த காரணத்தால் நானும் பிரமுகன்) நாகரிகமாக இகழ்வது எப்படி என்ற கவலை பிடித்துக்கொண்டது. "வாயால இல்லீங்க, மூக்கால ஊளையிடணும். அதுதான் ஐரோப்பாவுல" என்று ஓர் அம்மையார் பயிற்சி கொடுத்தார். மூன்று சாயங்காலம் பழகினோம்.

கரடியூர் நாற்பது பேருக்கும் தலைவர் வெள்ளையன். சாமை விதைப்பவர், கூத்துப் பைத்தியம்.

"ஏனுங்க, நல்லாப் பாடினாலும் ஏசணுமுங்களா?"

"நல்லாப் பாடினாத்தான் ஏசணும்" என்றார் அலுவலர்.

"சரிங்க" என்றார் வெள்ளையன், ஒன்றும் சரியில்லாத முகத்துடன்.

விழா நாளில் கதாநாயகி கடைசிக் காட்சியில் விஷம் குடித்தாள். குடித்தவள் விழவில்லை. பாடினாள். கால் மணி நேரம் பாடினாள். நாங்கள் பன்னிரண்டு பேரும் மூக்கால் ஊளையிடத் தொடங்கினோம்.

பின்னாலிருந்து வெள்ளையனின் மனைவி பாவாயி எழுந்தாள். "ஏனுங்க கோட்டுக்காரரே! சாவப்போற புள்ளையப் போயி ஏசுறீங்களே, உங்க ஊட்டுல பொம்பளப் புள்ளைங்க இல்லீங்களா?"

எங்கள் மூக்குகள் ஓய்ந்தன. பாடிக்கொண்டே சாவது எங்களுக்குத்தான் அதிசயம். கரடியூர்க் கூத்தில் அரை மணி நேரம் ஆடிப் பாடாமல் யாருக்கும் உயிர் போவதில்லை. கதாநாயகி சாய்ந்ததும் பாவாயி ஒப்பாரியை எடுத்தாள். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். பந்தல் அதிர்ந்தது. கொய்யாக்கள் இடைவேளையிலேயே தின்று தீர்ந்திருந்தன.

"அடடா, என்னா சத்தம்!" என்று அலுவலர் பூரித்தார். "இத்தாலியிலகூட இப்படி ஏசியிருக்க மாட்டாங்க."

செங்கோடன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை படிவம் ஏழு வெளியே வந்தது. முதலில் கையெழுத்து, பிறகு நிரப்புதல் என்பது அந்த அலுவலகத்தின் நெடுநாள் வழக்கம். சாட்சிகளாக நாங்கள் பன்னிரண்டு பேரும் போட்டோம். அடியில் அலுவலர் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"புகழ்ச்சிங்கிறதை அடிச்சுட்டு, பதினோரு மணித் தபால்ல சேர்த்துடு. உன் பரிந்துரையும் அதோட போகுது. மாப்பிள்ளைக் களை இப்பவே வந்துடுச்சே!" என்று சொல்லிவிட்டுச் சேலம் பஸ் ஏறினார்.

பஸ் வளைவில் மறைவதற்குள் வெள்ளையன் வந்து நின்றார்.

"அந்தப் புள்ள இருக்குதுங்களா?"

"எந்தப் புள்ளைங்க?"

"நேத்து செத்துச்சே, அதுங்க."

"மத்தியானம் கெளம்புறாங்க. எதுக்குங்க?"

"எங்கூர்ல கூத்துல செத்தவங்களுக்கு மறுநா சோறு, அழுதவங்க ஊட்லதானுங்க. பட்டினியா அனுப்பினா, செத்தது செத்ததாவே போயிடுமுங்க. பாவாயி கோழியடிச்சு, சாமைச் சோறு ஆக்கி வெச்சிருக்கா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மனசே செரியில்லீங்க. நாங்க அழ அழ, அது மூஞ்சியப் பொத்திக்கிட்டு உள்ளார ஓடிப்போச்சு. நாங்களும் ஏசுறோம்னு நெனச்சுக்கிச்சோ என்னமோ."

மேஜை மேலிருந்த தாள்களைப் பார்த்தார். "இது என்னங்க?"

"நேத்து ஆட்டத்தை ஊர் எப்படி ஏத்துக்கிச்சுன்னு எழுதுறதுங்க. ரெண்டு சென்னைக்கு. ஒண்ணு அவங்க கையில கொடுக்கணும்."

"அப்ப நொம்ப நல்லதாப் போச்சு. நாங்க சொன்னா அதுக்குப் புரியாது. நீங்க எழுதுறதை யாராவது படிச்சுச் சொல்லுவாங்கல்ல?"

"சொல்லுவாங்க."

"எழுதுங்க சாமி. நான் இருந்து கூட்டிக்கிட்டே போறேன்."

கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். செங்கோடன் ஸ்கேலை எடுத்தான். பேனாவைத் திறந்து, பதின்மூன்று கையெழுத்துகளுக்கு மேலே, மூன்று பிரதிகளிலும், 'இகழ்ச்சி' என்பதை அடித்தான்.