பாதி அட்டை வைத்தியர்

டாக்டர்களில் இரண்டு வகை உண்டு. படித்து ஆனவர்கள், மருந்தைப் பாதியில் நிறுத்தி ஆனவர்கள். இரண்டாம் வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர் பாதி அட்டை வைத்தியர்.

அந்த இனத்தில் ஒருவரை நான் முதன்முதலில் பார்த்தது, தாம்பரத்தில் நான் வேலை செய்யும் எலும்பு மருத்துவமனையின் மருந்துக் கவுன்டரில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்; நாலு வருடம் பி.ஃபார்ம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் இரும்புலியூர் தனசிங் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முட்டி மாற்றிய மூன்றாம் வாரமே புது உலோக மூட்டில் கிருமி ஏறிவிட்டது. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத கிருமி. திறந்து கழுவி, ஊசி போட்டு, இரண்டு வகை மாத்திரை எழுதி அனுப்பியிருந்தார்கள்.

நான் விளக்கினேன். கிருமி உலோகத்தின்மேல் பாசி மாதிரி படிந்திருக்கும், இரண்டு மாத்திரையும் சேர்ந்தால்தான் அதை அழிக்கும், ஒன்றை விட்டால் மற்றதைக் கிருமி சமாளிக்கப் பழகிவிடும், ஆறு மாதம் ஒருநாள் தவறக்கூடாது, தவறினால் மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

"இந்தச் சிவப்பு மாத்திரையால சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும் சார். பயப்படாதீங்க."

"தம்பிக்கு எந்த ஊரு?"

என் கிராமத்தின் பெயரைச் சொன்னேன்.

"அதான் பாத்தேன். கிராமத்துப் புள்ளைங்க மாத்திரையை ரொம்ப நம்பிப் பேசறீங்க."

இந்த வகையினரின் மருத்துவ நூலில் ஒரே பக்கம்தான். காய்ச்சல் விட்டால் நோய் விட்டது. நோய் விட்டால் மாத்திரை மிச்சம். மிச்சத்தை எறிவது பாவம். ஆகவே பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, எதிர்வீட்டுக்காரரின் இருமலுக்கும், ஜெபக்கூட்டத்துக்கு வரும் அக்காவின் பல்வலிக்கும், கூடுவாஞ்சேரி மருமகனின் வயிற்றுப்போக்குக்கும் ஒரே அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுப்பார்கள். என்ன மருந்து? தெரியாது. எதற்கு? எல்லாவற்றுக்கும். கைராசி ஐயா, கைராசி!

இரண்டாம் மாதம் சார் வந்தார். கைத்தாங்கலாக அழைத்து வந்த ஆட்டோக்காரர் ஜெயவேலு என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"தம்பி, சாரு குட்த்த மாத்திர சூப்பருபா! தொண்ட பேஜாரா கீதுன்னேன். மஞ்ச அட்டைலேர்ந்து நாலு குட்த்தாரு. ரெண்டே நாளு, ஜம்முன்னு ஆய்ட்டேன்!"

மஞ்சள் அட்டை சாருடைய இரண்டாவது மாத்திரை.

"சார், அதை நிறுத்திட்டீங்களா?"

"அது வயித்தைக் கலக்குது தம்பி. போட்டும் ஒண்ணும் தெரியல. சிவப்பு பாருங்க, காலைல போனா கண்ணுக்கே தெரியுது, வேலை செய்யுதுன்னு. அதை மட்டும் ஒருநாள் விடல."

பக்கத்தில் மனைவி ஹில்டா அம்மா பெருமூச்சு விட்டார். "சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. அவரு முட்டி, அவரே டாக்டர்."

உடனே உள்ளே அனுப்பினேன். முட்டி வீங்கியிருந்தது. முட்டியிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். கிருமி இப்போது சிவப்பு மாத்திரைக்கும் மசியவில்லை. கணக்கு வாத்தியார் வளர்த்த கிருமி, பரீட்சையில் தவறுமா?

சிரிக்கிறீர்களா? சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு டிவிக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பத்தில் நாலு மட்டும் பிய்த்த அட்டை ஒன்று, 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று படுத்திருக்கும். பிய்த்த நாலில் உங்களுக்கு எத்தனை, ஊருக்கு எத்தனை?

தனசிங் சார் இப்போது எங்கள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். உலோக மூட்டைக் கழற்றியாகிவிட்டது. அந்த இடத்தில் மருந்து குழைத்த சிமென்ட் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் ஊசி. மறுபடி நடப்பாரா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். இன்று ஊசியின் ஐந்தாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம், நிறுத்திவிடலாமா என்று காலையில் நர்ஸ் ஹெப்சியிடம் கேட்டிருக்கிறார்.