உங்கள் தங்கை வருவது குறித்து

மதிப்பும் அன்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நேற்று மதியத்திலிருந்து அவள் என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்று காலைப் பேருந்தில் அவள் உங்கள் வீட்டுக்குப் புறப்படுகிறாள். இந்தக் கடிதத்தை ஒட்டி அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் உங்கள் குடும்பத்தில் கிடையாது என்பதால் மனம்விட்டு எழுதுகிறேன்.

குடிநீர் வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் கசிவு கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவன் நான். இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் இடது காதை வைத்தால் நான்கடி ஆழத்தில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் என் பெயரை மறந்து ‘காது’ என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று உங்கள் தங்கையை விடியற்காலையில் மூன்று தெருக் குழாய் ரவுண்டுக்குக் கூட்டிப்போனேன். நான் கேட்டு முடித்ததும் அவளும் கம்பியில் காதை வைத்துப் பார்ப்பாள். இதை இன்றுவரை அவள் சுற்றுலா என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவேதான், நான் ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் நீங்களே முன்னின்று இந்த ஐந்து நாள் மலைப்பயணத்தை ஏற்பாடு செய்தீர்கள். புறப்படும்போது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். குழாய், வால்வு, லீக் ஆகிய மூன்றும் என் வாயில் வரக்கூடாது. வந்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள், அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டாள். நான் தலையாட்டினேன்.

அவளிடமும் குறை உண்டு என்பதைப் பாரபட்சமின்றிப் பதிவு செய்கிறேன். பேருந்தில் பள்ளத்தாக்கெல்லாம் இடது பக்கம் தெரிய, ஜன்னலோரம் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று என் வலது பக்கமே வந்து உட்கார்ந்து ஐந்து மணி நேரம் அடுத்த சீட்டுக்காரரின் பையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரியில் படகிலும் இதே கதை. நடு ஏரியில் எழுந்து பக்கம் மாறி உட்கார்ந்ததில் படகு ஒரு ஆட்டம் ஆடி, படகோட்டி எங்கள் இருவரையும் பார்த்து, “வயசானவங்கன்னு நம்பி ஏத்தினேன்” என்றார். இந்தப் பிடிவாதம் இரண்டு வருடமாக இருக்கிறது. நான் கேட்பதில்லை.

என் பக்கமோ அப்பழுக்கில்லை. தங்கிய அறைக்குள் நுழைந்ததுமே ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏரிக்கரையிலும் அதே உஸ். பேசாமல் சுண்டல் கொறிப்பவனைப்போல உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். அருவியில் எல்லோரும் படம் எடுத்தபோது நான் ஒரு சருகை ஓடையில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டேன். என்ன செய்கிறீர்கள் என்றாள். அழகை ரசிக்கிறேன் என்றேன். அப்போது அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

நேற்று பழங்குடியினர் குடியிருப்புக்குப் போனோம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியே சுற்றிக் காட்டினாள். வீடுகளையும் பாட்டையும் காட்டிவிட்டு, இரண்டு மாதமாகக் குழாயில் தண்ணீர் நூல்போலத்தான் வருகிறது, எல்லோரும் ஓடைக்கு நடக்கிறோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கூட்டம் கூடும் கூடத்தின் வாசலில் ஆளுயரக் கம்பு ஒன்று சாத்தியிருந்தது. முப்பத்துநான்கு வருடப் பழக்கம். கை தானாகப் போய் அதை எடுத்தது, சுவரோரம் ஊன்றியது, காது தானாக அதில் ஒட்டியது. கண்ணை மூடிக் கேட்டேன். உஸ். நன்றாகவே உஸ். கண்ணைத் திறந்தால் எதிரே ஐம்பது பேர் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கம்பை யார் எடுத்தாலும் அவருக்கு ஊரார் முன் சொல்ல ஏதோ இருக்கிறது என்று பொருளாம். ஒன்றுமில்லை என்று கீழே வைக்கலாமா என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். இதுவரை யாரும் அப்படி வைத்ததில்லை என்றாள்.

ஐம்பது பேரையும் பார்த்தேன். உங்கள் தங்கையையும் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையை இடவலமாக ஆட்டினாள். நான் சொன்னேன்: “இந்தச் சுவருக்கு அடியில குழாய் லீக் ஆகுது.” தடை செய்யப்பட்ட மூன்றில் இரண்டு, ஒரே வாக்கியத்தில்.

தோண்டினார்கள். நாலடி, காய்ந்த மண். ஐந்தடி, அதைவிடக் காய்ந்த மண். ஊர்த்தலைவி குழியை எட்டிப் பார்த்து, “பரவாயில்ல, ஏதாவது செடி வைக்கலாம்” என்றார். என் வாழ்க்கையில் கம்பு வைத்த இடம் தவறியது இதுவே முதல்முறை. வாக்கும் போயிற்று, வித்தையும் போயிற்று. உங்கள் தங்கை ஒரு வார்த்தை பேசாமல் அறைக்கு வந்து பெட்டி கட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் மீதி இரண்டு நாள் இங்கேயே தங்கி ஏரியைப் பார்ப்பதாக இருக்கிறேன். தாங்கள் தயவுசெய்து அவளுக்கு மாடி அறையை ஒழித்துக் கொடுங்கள்; கோபம் ஆறும்வரை வைத்திருந்து, ஆறிய அன்றே அனுப்பிவையுங்கள். அவளில்லாத வீட்டில் எனக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது மட்டுமில்லை, வேறு காரணமும் உண்டு. அதை எழுத எனக்கு வராது. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் பணிவையும் சிறியவர்களுக்கு ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறேன். பஸ் வர அரை மணி இருந்தது, பிரிச்சுப் படிச்சுட்டேன். நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் இப்போதான் ஆரம்பம். அவருக்கு இடது காது கேக்காமப் போய் ரெண்டு வருஷமாச்சு. போற இடமெல்லாம் கேக்கற அந்த உஸ் அவர் காதுக்குள்ளேயே இருக்கு. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வலது பக்கமா உக்காந்தே ஓட்டிட்டேன். இதைப் படிச்ச கையோட பெட்டியைத் தூக்கிட்டு அந்தக் குடியிருப்புக்குப் போய் நானே கம்பை எடுத்து இடம் இடமாக் காது வெச்சுக் கேட்டேன். மூணு வீடு தள்ளி, படிக்கல்லுக்குக் கீழ. மூணரை அடியில தண்ணி பீறிட்டு வந்தது. அவர் கைகாட்டினதுக்குப் பக்கத்துலயேதான் இருந்ததுன்னு அவர்கிட்டச் சொல்லும்படி தலைவியம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். இப்போ இதைத் தபால்ல போட்டுட்டு அறைக்குத்தான் திரும்பிப் போறேன், அதனால மாடியை ஒழிக்க வேண்டாம். நீ ஒரு காது டாக்டரைப் பார்த்து நாள் வாங்கி வை. ‘எனக்குக் காது சரியில்லை, துணைக்கு வாங்க’ன்னு அவருக்கு ஒரு கடிதம் போடு. உனக்குன்னா உடனே கிளம்பி வந்துடுவார்.