பந்து நகருமா, நகராதா?

பாசமும் மரியாதையும் மிக்க அக்கா கிளியம்மாளுக்கு,

தம்பி திருமலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்தபடி எழுதுவது. குன்றத்தூரில் நீயும் மாமாவும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே மாமாவிடம் கொடுத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன திங்கட்கிழமை வேலைக்குப் போக, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவர் பக்கத்தில்தான் இடம். ஒரகடத்துக்கு முன்னால் கன்டெய்னர் லாரி ஒன்று சட்டென்று நிற்க, ஆட்டோ அதன் பின்னால் போய் மோத, என் முட்டி முன்கம்பியில் இடித்தது. முட்டியில் வெறும் சிராய்ப்பு. உடைந்தது இடுப்பாம்! தொடை எலும்பின் தலை பந்து மாதிரி, அது உட்காரும் குழி கிண்ணம் மாதிரி, முட்டியில் பட்ட அடி தொடை எலும்பு வழியாகவே போய் அந்தக் கிண்ணத்தின் பின்விளிம்பை உடைத்துவிட்டதாம். யார் நம்புவார்கள்? பார்க்க வந்த சூப்பர்வைசர் வேல்ராஜ், "முட்டில அடிபட்டா இடுப்ப எதுக்குண்ணே ஸ்கேன் எடுக்குறாங்க? நாளைக்கு ஷிப்டுக்கு வந்துருவீங்கல்ல?" என்று கேட்டபடியே, எனக்குக் கொண்டுவந்த ஆரஞ்சில் இரண்டை அவரே உரித்துத் தின்றுவிட்டுப் போனார்.

ஸ்கேனும் கைவிட்டது அக்கா. உடைந்த துண்டு சின்னது என்றால் ஆபரேஷன் வேண்டாமாம், பெரியது என்றால் வேண்டுமாம். என்னுடையது நடுத்தரம்! டாக்டரம்மா ஷாரோன் சொன்னார்: "மயக்கம் குடுத்து, காலை மடக்கி, பின்னாடி தள்ளிப் பாப்போம். எக்ஸ்ரே திரையில பந்து நகர்ந்தா ஆபரேஷன். நகரலைன்னா வேணாம்." உடைந்ததை ஒட்டவைக்காமல் தள்ளிப் பார்ப்பார்களாம்! "தள்ளும்போது கழண்டுக்கினா?" என்றேன். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் தள்ளுறோம்" என்றார்.

பதினெட்டு வருஷம் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்ற கால். பந்து நகரத்தான் போகிறது. இருமினாலே உள்ளே ஏதோ நழுவுகிற மாதிரி இருக்கிறது. என் பெண்டாட்டி செந்தாமரையோ, "கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டு ஷேர் ஆட்டோல இன்னாத்துக்குப் போன?" என்று ஐந்து நாளாகத் திட்டிக்கினே இருக்கிறாள். தூங்கிவிட்டேன், பஸ் போய்விட்டது, வேறென்ன சொல்ல? நாளைக் காலை சோதனை. இனி நான் நின்று வேலை பார்ப்பேன் என்ற நம்பிக்கை இல்லை. அவளைப் பார்த்துக்கொள்.

மாமாவுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் எல்லார் இடுப்பும் உறுதியாக இருக்க வேண்டும்,
தம்பி திருமலை

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன்பே சோதனை முடிந்துவிட்டது. எல்லாப் பக்கமும் தள்ளினார்களாம். பந்து அசையவே இல்லை. ஆபரேஷன் கிடையாது. சில வாரம் அந்தக் காலை ஊன்றாமல் அக்குள்கட்டை வைத்து நடந்தால் போதுமாம். சேதி கேட்டதும் செந்தாமரை வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாளாம், நர்ஸ் சொன்னார். நான் கண் விழித்ததும் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து, "நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்று அதட்டினாள். நான் அழவே இல்லை அக்கா.