சம்பந்தம் பேச வந்தவர்களும் ஏழு ஸ்பீக்கர்களும்

விளங்காத விஷயத்துக்கு விளங்கியவன்போலத் தலையாட்டுவது சிறுவயதிலிருந்தே எனக்குக் கைவந்த கலை. கணக்கு வாத்தியாரிடம் ஆட்டினேன், கந்தோரில் மனேஜரிடம் ஆட்டினேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மருதானையில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் ஆட்டியதுதான் என் கலியாணத்தையே குப்புறத் தள்ளப் பார்த்தது.

யாழ்ப்பாணப் பாதை மூடிக்கிடந்த யுத்த காலம். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி பிளாட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். (பிளாட் என்பது மரியாதைக்குச் சொல்வது. செற்றியில் இருந்து காலை நீட்டினால் டிவியில் முட்டும்.) யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண்ணின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் கப்பலேறி வந்து பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தார்கள். அந்த அறையில் நாலு பேர் கூடி இருக்க இடமில்லை என்பதால், வழமைக்கு மாறாகப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அவர்களே ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளை நவீனமானவன் என்று காட்ட வேண்டாமா? ஹோம் தியேட்டர் வாங்கப் போனேன்.

கடை முதலாளி சிங்களவர், நல்ல மனிதர். "மாத்தயா, பைவ் பொயின்ட் வன்த, செவன் பொயின்ட் வன்த?" என்று கேட்டார், ஐயா, ஐந்து புள்ளி ஒன்றா, ஏழு புள்ளி ஒன்றா என்று. ஐந்தைவிட ஏழு பெரிது என்ற அளவுக்கு எனக்குக் கணக்குத் தெரியும். "செவன்" என்றேன். "காமரே லொக்குத?" என்றார், அறை பெரிதா என்று. தலையாட்டினேன். அதன்பிறகு பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் ஒரு பிரசங்கமே நடந்தது. ஏழு என்பது ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை, புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று இடிமாதிரிச் சத்தம் போடும் பெரிய பெட்டி. ரிசீவருக்குச் சத்தத்தை ஏழாகப் பிரிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, டிவிடி தட்டிலும் அப்படிப் பதிந்திருக்க வேண்டும். டிடிஎஸ் என்ற முறையில் பதிந்த தட்டென்றால் அதைப் படிக்கத் தெரிந்த ரிசீவர் வேண்டும். முக்கியமாக, இடம் வலம் பார்த்து வயர் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் அவர் சொன்னார் என்பதே எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. அந்த நேரம் நான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஏழு ஸ்பீக்கருக்கு இடமில்லை. இரண்டு அலுமாரிக்கு மேலே போயின. செற்றிக்குப் பின்னால் வைக்க வேண்டியவற்றில் ஒன்று, சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஏறியது. பெரிய பெட்டியை வலப்பக்கச் சுவரோடு கிடந்த சாப்பாட்டு மேசைக்குக் கீழே தள்ளினேன். டிவிக்கு முதுகைக் காட்டி, செற்றியைப் பார்த்தபடி நின்று, மிகக் கவனமாக இடம் வலம் பார்த்து வயர் கொடுத்தேன்.

என்னிடம் இருந்தவை எல்லாம் நடைபாதையில் வாங்கிய படத்தட்டுகள். எதைப் போட்டாலும் முன்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்தான் பாடின, பின்னால் இருந்தவை வாயே திறக்கவில்லை. கடைசியில், முதலாளி பரிசோதிக்கவென்று இலவசமாகத் தந்த தட்டைப் போட்டேன். பின்பக்கம் ஏதோ கரகரத்தது. அதுபோதும் என்று நிறுத்தி எடுத்து வைத்தேன். அதில் என்ன காட்சி இருக்கிறது என்று பார்க்கவில்லை. (பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

ஞாயிறு வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஓய்வுபெற்ற தபாலதிபர், ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி. தாயார் அதிகம் பேசவில்லை. பெண் வாசுகி படத்தில் இருந்ததைவிட நேரில் இன்னும் அழகு. நான் தேத்தண்ணீரைக் கீழே சிந்தினேன். வடை பரிமாறியாயிற்று, கப்பல் பயணம் பற்றிக் கதைத்தாயிற்று. நான் ரிமோட்டை எடுத்தேன்.

"ஒரு சின்னப் படம் போடட்டோ?" என்றேன்.

"போடும் தம்பி" என்றார் தகப்பனார்.

திரையில் ஒரு பச்சை வயல். அமைதி. அடுத்த கணம் எங்கள் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெலிகொப்டர் வந்தது. டிவிக்குள் அல்ல, பிள்ளையாருக்குப் பக்கத்திலிருந்து!

தகப்பனார் தேத்தண்ணீர்க் கோப்பையோடு எழுந்தார். "ஹெலி! வலப்பக்கத்தால வாறான், இடப்பக்கம்தான் போடுவான்! வலச் சுவரோட ஒட்டிப் படுங்கோ!"

ஒரு கையால் மனைவியையும் மறு கையால் என் அம்மாவையும் இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே பாய்ந்தார். வாசுகி எல்லோருக்கும் முந்திப் படுத்துவிட்டாள். "காதைப் பொத்துங்கோ! வாயைத் திறந்து வையுங்கோ, இல்லாட்டிக் காது கிழியும்!" என்று தகப்பனார் உத்தரவிட்டார். கொழும்பை விட்டு அசையாத என் அம்மா, வடைத் தட்டைக் கட்டிப்பிடித்தபடி வாயைத் திறந்தார். ரிமோட்டோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

அப்போதுதான் என் வருங்கால மனைவி என்னுடன் முதன்முதலாகப் பேசினாள். தரையிலிருந்து, கெஞ்சுகிற குரலில்.

"நீங்களும் படுங்கோவன்!"

படுத்தேன். ரிமோட்டின் மேலே படுத்தேன். வயிறு எந்தப் பொத்தானில் அழுந்தியதோ, சத்தம் ஏறத் தொடங்கியது. குண்டு விழுந்தது. குண்டுச் சத்தத்துக்கென்றே வாங்கிய பெரிய பெட்டி அவர்கள் ஒளித்திருந்த அதே மேசைக்குக் கீழேதான் இருந்தது. கோப்பைகள் துள்ளின, பிள்ளையார் சரிந்தார். நான் தவழ்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஒழுங்கையிலிருந்து ஒரே சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். குண்டு வெடித்தால் அடுத்தது பொலிஸ் சோதனைதான் என்று, அயலார் அவ்வளவு பேரும் அடையாள அட்டையும் கையுமாகத் தெருவில் நின்றார்கள். "எங்க அண்ணை வெடிச்சது?" என்று ஒருவர் கீழேயிருந்து கத்தினார். "தெரியேல்ல" என்றேன். (அரை மணிக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தி போன் எடுத்து, வெள்ளவத்தையில் குண்டாமே, உயிரோடு இருக்கிறீர்களா என்று அழுதது பிந்திய கதை.)

ஜன்னலை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாசுகியின் தாயார் மேசைக்குக் கீழே இன்னும் சுருண்டு கிடந்தார். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. எனக்கு அது புதுச்சாமான். அவருக்கு அது இருபது வருடச் சீவியம். சம்பந்தம் முடிந்தது, நானும் மனிதனா என்று நினைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

தகப்பனார் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மனைவியை மெல்லத் தூக்கிச் செற்றியில் இருத்தினார். பிறகு டிவியைப் பார்த்தார், பின் ஸ்பீக்கர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, உதில ஒரு பிழை இருக்கு."

"என்ன மாமா?" (மாமா என்று எப்படி வாயில் வந்ததோ தெரியாது.)

"படத்தில ஹெலி இடப்பக்கத்தால வந்து வலப்பக்கம் குண்டு போட்டது, கண்டனான். உம்மட பெட்டியில வலப்பக்கத்தால வந்து இடப்பக்கம் போட்டவன். என்ர காது பிழைக்காது. உம்மட வயரை நம்பித்தான் எல்லாரையும் வலப்பக்கம் இழுத்தனான். உண்மைக் குண்டெண்டால் எல்லாரும் முடிஞ்சம்."

நான் நின்ற திசைதான் வினை. என் இடக்கை, செற்றியில் இருப்பவரின் வலக்கை என்பது எனக்கு உதிக்கவேயில்லை. இந்த முறை தலையாட்டவில்லை. "எனக்கு விளங்கேல்ல மாமா, ஒருக்காக் காட்டித் தாங்கோ" என்றேன். அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னோடு நிலத்தில் இருந்து, அத்தனை வயரையும் மாற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்து அவர் மனைவி முதற்தடவையாகச் சிரித்தார்.

அன்று பின்னேரமே சம்மதம் வந்தது. ஏன் சம்மதித்தாய் என்று பிறகொரு நாள் வாசுகியைக் கேட்டேன்.

"எல்லாரும் படுக்கேக்க நீங்க மட்டும் நிண்டனீங்கள். இந்த மனுசனைத் தனிய விட்டால் செத்துப்போகும் எண்டு நினைச்சன்" என்றாள்.

யுத்தம் முடிந்துவிட்டது, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் ஒழுங்கையில் யாராவது வெடி கொளுத்தினால், என் பிள்ளைகள் "அப்பா, எந்தப் பக்கம்?" என்று கத்துவார்கள். நான் கையைக் காட்டுவேன். தாயும் பிள்ளைகளும் ஒருசேர மற்றப் பக்கம் ஓடுவார்கள்.