பஞ்சர் பூதமும் சாக்கில் கட்டிய பிள்ளைகளும்

உடையார்பாளையத்துக்கும் பெரம்பலூருக்கும் இடையில் உள்ள அத்தனை பூதங்களையும் வேலை வாங்கிய ஒரே மனிதர் பஞ்சர் பூதம்.

உடையார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் ஒட்டுவது அவர் தொழில். சக்கரத்தைக் கழற்றியதும் ஒரு பூதக்கதை ஆரம்பிக்கும். கதை முடியாமல் சக்கரம் வண்டிக்குத் திரும்பாது. முகூர்த்தம் தவறிவிடும் என்று ஒரு மாப்பிள்ளை கெஞ்சியபோதுகூட, "பூதம் இப்பதான் கெணத்துல எறங்கியிருக்கு. பாதியில எப்புடிங்க வுடறது?" என்றாராம்.

அவர் பூதங்களுக்குக் கொம்பு கிடையாது. "கொம்பு மாட்டுக்குந்தான் இருக்கு. பால் கறக்கலையா?" என்பார். ஒருமுறை டியூப் மாற்ற வந்த பெண் நடுக்கதையில், "பாவம், அதுக்கு ஆக்கிப்போட யாருமில்லையா?" என்று கேட்டுவிட்டாள். அவர் பம்பைக் கீழே வைத்துவிட்டார். "கெடுத்துட்டியேம்மா. சாப்டியான்னு கேட்டுட்டா அப்பறம் அது எப்புடி பூதம்? விருந்தாளியில்ல!"

இதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது. நான் அவரை முதலில் பார்த்தது ஊர் என்னைக் கட்டிப்போட்ட அன்று.

தென்னங்கன்று விற்றுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த காலம் அது. கன்றைப் பிள்ளை என்றுதான் சொல்வோம், தென்னம்பிள்ளை. அன்று சரக்கு தீர்ந்து, காலிச் சாக்கோடு நிறுத்தத்தில் நின்று, நாற்றுப்பண்ணை முதலாளியிடம் போனில் கத்தினேன்: "அஞ்சு புள்ளையையும் சாக்குல கட்டிக் கொண்டுபோயி குடுத்துட்டேங்க. ஒன்னு மட்டும் வாடிக் கெடந்துது. கழுத்து வரைக்கும் மண்ணுல பொதைச்சிட்டேன்."

பிள்ளை பிடிக்கிறவன் சுற்றுகிறான் என்று எல்லார் போனிலும் வதந்தி ஓடிய மாதம். யாரோ தட்டிவிட்டதில் என் போன் விழுந்து உயிரை விட்டது. "தென்னம்புள்ளைங்க" என்றேன். "எங்கடா தென்ன?" என்றார்கள். சாக்கில் ஈரமண்தான் இருந்தது. அதுவும் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். ஒருவர் கையில் கட்டை. இப்படிக் கட்டப்பட்ட சிலர் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்பது எனக்கும் தெரியும். கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பயந்திருந்த கதைக்குள் நான் பெயரில்லாமல் வந்து நின்றுவிட்டேன்.

பஞ்சர் பூதம் கிரீஸ் கையோடு வந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்.

"பேரென்ன தம்பி?"

"செல்வராசு."

"அம்மா பேரு?"

"பச்சையம்மா. செத்துப்போச்சுங்க."

"காலையில என்ன சாப்ட?"

"ஒன்னுமில்லீங்க."

கூட்டத்தில் ஒரு பெண்குரல், "மணி ரெண்டாவுது, இன்னுமா சாப்புடல?" என்றது. கட்டை கொஞ்சம் இறங்கியது. கட்டைக்காரர், "எந்த ஊரு பச்சையம்மா?" என்றார். "ஏலாக்குறிச்சி பக்கங்க" என்றேன். அந்தப் பக்கம் அவருக்குப் பெண் கொடுத்த இடம். விசாரித்ததில் நான் அவருக்கு ஏதோ ஒருவகையில் மருமகன் முறை ஆகிவிட்டேன். கயிற்றை அவிழ்த்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் என்னிடம் கன்று வாங்கிய தோப்புக்காரரைப் போனில் பிடித்து விசாரித்தார்கள். "அஞ்சு புள்ளையும் சொகமா இருக்கு" என்றார் அவர்.

பஞ்சர் பூதத்துக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. "நல்ல பூதமா வந்து சேந்துது. நானே பேரக் கேட்டு வீணாக்கிட்டேன்" என்று முனகியபடி கடைக்குப் போனார்.

அந்த வழியில் போகும்போதெல்லாம் இப்போதும் இறங்கிக்கொள்கிறேன். "வண்டியே இல்லாதவன் பஞ்சர் கடைக்கு எதுக்குடா வர்ற?" என்று திட்டுவார், நான் உட்கார ஒரு பழைய டயரை உருட்டிவிட்டபடியே.