ஒத்தைத் தும்மல் சார்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தெருவையே காலை எட்டு பத்துக்குக் கிளம்பும் பீச் ரயில் வண்டியைத் தவறவிட வைத்த ஒரே மனிதர் எங்கள் 'ஒத்தைத் தும்மல்' சார்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில், ரிடையர் ஆன மறு மாதமே அவருக்குத் தும்மல் ஆரம்பித்தது. கிளம்பும்போது யாராவது ஒத்தைத் தும்மல் போட்டால் சகுனத் தடை, இரட்டையாகப் போட்டால் தோஷமில்லை என்பது எங்கள் தெருவின் சட்டம். சாருக்கோ ஒன்றுதான் வரும். அதுவும் நாங்கள் டிபன் பாக்ஸோடு படியிறங்கும் நேரம் பார்த்து, ஜன்னல் கம்பி அதிர வரும். உடனே தெரு மொத்தமும் உள்ளே திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும். அதற்குள் வண்டி சானடோரியம் தாண்டியிருக்கும்.

நல்ல மனுஷன். எங்களைப் பாவம் பார்த்து, பொய்யாக இன்னொரு தும்மல் போடப் பழகிக்கொண்டார். "ரெண்டாவதும் போட்டுட்டேன், தைரியமா போங்க சார்!" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். ஒரிஜினல் எது, நகல் எது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் போனோம். ஆபீசில் மெமோ வாங்க முடியுமா?

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். "அலர்ஜி. தூசி, புகை ஆகாது" என்றார் டாக்டர்.

"அது சின்னப் பசங்களுக்குத்தானே வரும்? எனக்கு அறுபது ஆச்சே!"

"உங்க வயசுல நிறையப் பேருக்கு இருக்கு சார். வயசாச்சுன்னு விட்டுடறாங்க, வெளியே சொல்றதில்ல."

சார் நம்பவில்லை. கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாம்பலத்துக்கு வண்டி ஏறியவர், தூங்கிப்போய், பீச்சுக்கும் தாம்பரத்துக்குமாக இரண்டு தடவை போய்வந்து, போன காரியத்தை மறந்து வீடு திரும்பினார். அதோடு மாத்திரைக்கும் முழுக்குப் போட்டார்.

அவருடைய ஒரே மகள் கோமதியைப் பெண் பார்க்க வரும்வரை நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். "பிடிச்சிருக்கு" என்று மாப்பிள்ளையின் அப்பா வாயெடுத்த நொடியில் சார் தும்மினார். பதறிப்போய் நகலையும் போட்டார். வந்தவர்கள் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்கள். இப்படியே மூன்று இடம் தட்டிப்போனது. "இந்த மூக்கை அறுத்துப் போட்டுடலாம் போல இருக்கு சார். என் பொண்ணுக்கு நானே எமன்" என்றார்.

நாலாவதாகப் படப்பையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது சார் வீட்டிலேயே இல்லை. சம்பந்தம் பேசி முடிந்தது. அதுதான் வினையாயிற்று. தான் இல்லாவிட்டால்தான் கல்யாணமும் நடக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். மனைவி அழுதார், கோமதி காலைப் பிடித்தாள். மனுஷன் அசையவில்லை. தாரை வார்க்கத் தம்பியையும் தம்பி மனைவியையும் உட்கார வைத்துவிட்டு, குரோம்பேட்டை மண்டபத்துக்கு எதிரே ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஸ்டாப்பில், லாரிப் புழுதிக்கு நடுவே, பட்டு வேட்டியோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே ஓமப் புகை கிளம்பியது. முன்வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை மூக்கில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தா தும்மினார். பெரியப்பா தும்மினார். தாலி ஏறும் நொடியில் மாப்பிள்ளையின் அப்பாவே தும்மினார், அதுவும் ஒத்தையாக. கெட்டிமேளத்தில் எதுவும் யார் காதிலும் விழவில்லை. கெட்டிமேளம் கொட்டுவதே அதற்குத்தானே! அது அந்த மனுஷனுக்கு எப்படித் தோன்றாமல் போனது?

ரோட்டைத் தாண்டி ஓடினேன். புழுதியில் கண் சிவந்து, மூக்கு வீங்கி, என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஆச்சா சார்? உள்ளே யாரும் தும்மலையே?"

உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

"ஒருத்தரும் இல்ல சார்" என்றேன். "நீங்க வெளியே இருந்ததாலதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."