மிளகாய் மில்லுக்கு மேலே ஒரு முதலீடு

சொந்தமாக ஒரு கதவோ ஜன்னலோ, ஏன், ஒரு சாவித் துவாரம்கூட இல்லாத காலத்தில்தான் நான் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு வீட்டு முதலீடு குறித்து ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தேன். கட்டணம் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்துக்குப் பின்னால் தேநீருக்கு நிற்பவர்கள் வரிசையை விட்டு ஓட முடியாது என்பதால், அவர்களுக்கு இலவசமாகவே சொல்லிவந்தேன். "ஊரே பயந்து ஒதுங்கும்போது நாம உள்ள நுழையணும்" என்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருவர்கூட என் பேச்சைக் கேட்டு எதிலும் காசு போடவில்லை. கேட்டுப் போட்ட ஒரே ஆள் நான்தான்.

அப்போது நானும் என் மனைவி ஃபிலோமினாவும் ஆங் மோ கியோவில் அவளுடைய அண்ணன் ஆரோக்கியத்தின் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். மச்சான் பேருந்து ஓட்டுநர். தங்கமான மனிதர். வீட்டுக்கு யார் வந்தாலும், "மாப்ளே இப்போதைக்கு நம்மகூடத்தான்" என்று என்னை அறிமுகப்படுத்துவார். அந்த 'இப்போதைக்கு' மூன்று கிறிஸ்துமஸைப் பார்த்துவிட்டது. புக்கிட் மேராவில் கட்டிவந்த அரசாங்க அடுக்குமாடியில் எங்களுக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். சாவி வாங்கும்போது கட்ட வேண்டிய பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வங்கியில் போட்டிருந்தோம். அந்தப் பணம் இருந்தால் சொந்த வீடு. இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க இப்போதைக்கு.

எண்பதுகளின் நடுவில் ஊர் திடீரென்று சுணங்கிப்போனது. கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. எந்தத் தெருவில் நடந்தாலும் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்கும் வேலை போயிருக்கலாம். நான் இருப்பதை யாரும் கவனிக்காததால் தப்பித்தேன். அந்த நேரம் பார்த்துப் பழைய புத்தகக் கடையில் ஓர் அமெரிக்கரின் புத்தகம் கிடைத்தது. ஆலைகள் மூடி, ஆளரவம் குறைந்த ஏதோ ஒரு நகரத்தில் வீடுகளை மலிவாகப் பிடித்து வாடகைக்கு விட்டே கோடீஸ்வரர் ஆனவராம். பின்னட்டையில் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். (அந்தப் பல்வரிசையை நம்பித்தான் நான் இறங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.) அவருடைய விதிகள் எனக்கு மனப்பாடம். எல்லாரும் பயப்படும்போது துணி. பேரம் பேசும்போது ஆர்வம் காட்டாதே. குடியிருப்பவரை நீ தேர்ந்தெடு.

பூசை முடிந்ததும் தேக்கா சந்தைக்குப் போய் மீன், காய்கறி வாங்குவது எங்கள் வழக்கம். அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய கடைவீடு ஒன்றைப் பார்த்தேன். கீழ்க்கடை சாத்தியிருந்தது. பலகையில் ஏதோ 'டிரேடிங்' என்று எழுதியிருந்தது. மாடி முழுக்கக் காலி. காற்றோட்டமான பெரிய அறைகள், பலகைத் தரை, அப்படி ஓர் அமைதி. லேசாக மசாலா வாசனை வந்தது உண்மைதான். ஆனால் தேக்காவில் மசாலா வாசனை வராத இடத்தைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

வீட்டுக்காரச் சீனர் கேட்ட வாடகையைக் கேட்டு எனக்கே திகைப்பாக இருந்தது. மொத்த மாடியையும் நான் எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டால் இரண்டு மடங்கு தேறும்.

"மூரா லா!" என்றார் அவர். மலிவு என்பதற்கு மலாய்ச் சொல். பாவம், யோக்கியர். வேலை நாளில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய் என்றும் மலாயில் இரண்டு தடவை சொன்னார். ஆர்வம் காட்டக் கூடாதென்ற விதிப்படி நான் கொட்டாவி விட்டுக் கூரையைப் பார்த்தேன். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். பூசைக்குப் போட்ட நல்ல சட்டை அன்றைக்குத்தான் மேலே இருக்கும். பேரம் பேச நல்ல சட்டை வேண்டாமா?

"ஏங்க, இந்தக் காசு போச்சுன்னா சாவி வந்தும் நாம அண்ணன் வீட்லதான் கெடக்கணும்" என்றாள் ஃபிலோமினா.

"ஃபிலோ, எல்லாரும் பயப்படும்போது..."

"நானும் அந்த எல்லார்ல ஒருத்திதாங்க."

ஒப்பந்தம் போட்டேன். அடுத்து, குடியிருப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் படலம். மற்றவர்கள் ஆள் கிடைக்காமல் தவிக்க, நான் நேர்காணல் நடத்தினேன். குடும்பங்களை நிராகரித்தேன், சமைப்பார்கள். மாணவர்களை நிராகரித்தேன், விளக்கெரித்துப் படிப்பார்கள். கடைசியில் ஜொகூரிலிருந்து வந்த செல்வராஜும் அவர் கூட்டாளிகளும் அகப்பட்டார்கள். பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர இரவு ஷிஃப்ட். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். அடுப்பு எரியாது, விளக்கு எரியாது. ஆளே இல்லாமல் வாடகை மட்டும் வருகிற நிலைக்கு இதைவிட நெருக்கமாக எந்த வீட்டுக்காரனும் போனதில்லை.

"பகல்ல நிஜமாவே தூங்கிருவீங்களா?" என்று கண்டிப்புடன் கேட்டேன்.

"அதுக்குத்தாண்ணே மாடி தேடுறோம்" என்றார் செல்வராஜ்.

ஞாயிற்றுக்கிழமை குடியேறினார்கள். திங்கள் காலை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "அண்ணே, உடனே..." என்று செல்வராஜின் குரல் கேட்டது. அப்புறம் ஒரு தும்மல். அதைத் தொடர்ந்து பின்னணியில் பல தும்மல்கள். மேலாளரிடம் வீட்டில் ஆபத்து என்று சொல்லிவிட்டு ஓடினேன். (பொய்யில்லை.)

கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் என் குடித்தனக்காரர்கள் அனைவரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வங்கிக் கொள்ளைக்குத் தயாரானவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழ்க்கடை திறந்திருந்தது. உள்ளே மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில் இரண்டு இயந்திரங்களோடு கர்ஜித்துக்கொண்டிருந்தது. மாடிக்கு ஏறினேன். தரை நடுங்கியது. செல்வராஜின் பாய் தானாகவே ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பலகை இடுக்குகளிலிருந்து செந்நிறப் புழுதி, சூரியோதயம்போல, அழகாக எழும்பியது. அந்த அழகை ரசிக்க முடியாமல் நான் போட்ட தும்மலில் என் மூக்குக் கண்ணாடி வேறு அறைக்குப் போய்விட்டது.

"அண்ணே, நாங்க தூங்க வந்தோமா, ஊறுகா ஆக வந்தோமா?" என்றார் செல்வராஜ், நான் இறங்கி வந்ததும்.

மில் முதலாளி சின்னையா வெளியே வந்தார். கடைக்குப் பின்கட்டிலேயே குடியிருப்பவர். தலையிலிருந்து கால்வரை சிவப்பு. அவர் மட்டும் தும்மவில்லை. அவருடைய மூக்கு எப்போதோ ராஜினாமா செய்திருக்க வேண்டும்.

"மேல எடுத்தது சார்தானா? ஞாயித்துக்கெழம மட்டும் யாரோ வந்து வந்து பாக்குறாங்களே, ஒருவேள ஞாயித்துக்கெழம மட்டும்தான் குடியிருப்பாங்களோன்னு நெனச்சேன்."

"மில்லை எப்ப நிறுத்துவீங்க?"

"தீவாளி முடிஞ்சா கொஞ்சம் கொறையும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் பொங்கல் லா."

அன்றே முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு மாடி காலியாகவே கிடந்தது. ஒப்பந்தப்படி நான் சீனருக்கு மாதாமாதம் வாடகை கட்டினேன், புக்கிட் மேராப் பணத்திலிருந்து. வீடு பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமையே வரவழைக்கும் அளவுக்கு என் ஒழுக்கம் சரிந்தது. பலனில்லை. 'தும்மல் மாடி' என்ற பெயர் அதற்குள் தேக்கா முழுக்கப் பரவிவிட்டது. மச்சான் அறிமுக வாசகத்தை மாற்றிக்கொண்டார்: "மாப்ளேக்குத் தேக்காவுல மாடியே இருக்கு. ஆனாலும் நம்மகூடத்தான்."

ஃபிலோமினா கத்தவில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "பணம் தீர்றதுக்குள்ள சாவி வந்துருமா, இல்ல சாவி வர்றதுக்குள்ள பணம் தீந்துருமா?" கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. பின்னட்டை அமெரிக்கர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ஒருநாள், பனைமரத்துக்குச் சட்டை போட்டதுபோல் ஒருவர் மாடியைத் தேடி வந்தார். பெயர் முனியாண்டி. உறுமி மேளக் குழு வைத்திருக்கிறாராம். தோற்றவனுக்கே உரிய நேர்மையுடன் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: மிளகாய், புழுதி, நடுக்கம்.

"நாங்க சாயங்காலமும் ஞாயித்துக்கெழமையுந்தாண்ணே வருவோம். அப்ப மில்லு ஓடாதுல்ல?"

"ஓடாது."

"போதும்ணே. எங்க புளோக்ல உறுமியத் தொட்டாலே மேல்வீட்டு அம்மா வாளித் தண்ணிய ஊத்துறாங்க. பிராக்டிஸ் பண்ண எடமே இல்ல."

பேரமே பேசாமல் வாடகையை ஒத்துக்கொண்டார். நான் கொட்டாவி விட மறந்துபோனேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையை என் காதால் கேட்டேன். மறுநாள்வரை வேறெதையும் கேட்கவில்லை. அத்தனை தவில்களும் உறுமிகளும் ஒன்றாக இறங்கியபோது, இத்தனை வருடமாக மில்லிலிருந்து எழும்பிப் பலகைகளில் ஒட்டியிருந்த தூசி முழுவதும் பிறந்த வீட்டுக்கே திரும்பியது. சலித்து வைத்திருந்த மல்லித்தூள்மேல் விழுந்தது. பின்கட்டில், வாரத்தின் ஒரே ஓய்வு நாளில், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த சின்னையாமேலும் விழுந்தது. அவர் படியேறி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் தும்மினார்.

"சார், வாரத்துல ஒருநாள் மனுஷன் தூங்க வேணாமா?"

"தூங்கணும்தான். எங்க ஆளுங்களும் அதுக்குத்தான் வந்தாங்க."

"எப்ப நிறுத்துவாங்க?"

"திருவிழா முடிஞ்சா கொஞ்சம் கொறையும்."

"அப்புறம்?"

"அப்புறம் கல்யாண சீசன் லா."

என் வாழ்க்கையில் சரியான பதில் சரியான நேரத்தில் வாயில் வந்தது அன்று ஒருநாள்தான். மற்றதெல்லாம் பேருந்தில் வீடு திரும்பும்போது தோன்றியவை.

சின்னையா மூன்று ஞாயிறு தாக்குப்பிடித்தார். நான்காவது ஞாயிறு, மாடியை மிளகாய் மூட்டை அடுக்கத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கூரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டேன். இதுவரை நான் இழந்ததையெல்லாம் தருவதாகச் சொன்னார். இன்னொரு கொட்டாவி. அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்தார். மேளக் குழுவுக்கு ஒரு கிடங்கில் இடம் பார்த்துக்கொடுக்கவும் சம்மதித்தார், வெகு தொலைவில். வீட்டுக்காரச் சீனர் ஒப்பந்தத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். சாவி வந்த அன்று புக்கிட் மேராவுக்குக் கட்ட வேண்டியது முழுசாகக் கையில் இருந்தது. மிச்சத்தில் ஃபிலோமினா ஒரு தையல் மெஷினும் வாங்கினாள்.

பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்தார். பங்கு மக்கள் கூடியிருந்தார்கள். இம்முறை அவர்களாகவே என்னைச் சூழ்ந்துகொண்டு எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். சரிந்துகொண்டிருக்கும் ஊரில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, சரியான குடித்தனக்காரர் வரும்வரை மனம் தளராமல் காத்திருப்பது எப்படி என்று விளக்கினேன். யாரும் நகரவில்லை. பிஸ்கட்டைக்கூட எடுக்கவில்லை. சின்னையாவும் முனியாண்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கண்களில் லேசாக நீர் கட்டியது. மிளகாய் காரணமில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் விருந்தாளி யாராவது நாள்கணக்கில் தங்கிவிட்டால், "உறுமிக்குச் சொல்லியனுப்பவா?" என்று சமையலறையில் கிசுகிசுப்பார்கள். என் முதலீட்டு ஆற்றலுக்கு அது ஒரு நினைவுச்சின்னம் என்று நினைப்பவர்கள், அன்று நான் பேசி முடித்ததும் மச்சான் கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் சொன்னதைக் கேட்காதவர்கள்:

"முனியாண்டி எங்க டிப்போ ஆளு. நான்தான் அங்க போகச் சொன்னேன், பாதி வாடகையும் நான்தான் குடுத்தேன். ஊர்ல எல்லாரும் மாப்ளேய வீட்டுக்கு அழைக்க மேளம் வெப்பாங்க. நம்ம மாப்ளேய வீட்ட விட்டு அனுப்ப ஒரு மேள செட்டே வெக்க வேண்டியதாப் போச்சு!"